பழத்தோல் கேட்டுப் போன டீச்சர்

உங்கள் குப்பையை எனக்குத் தருவீர்களா என்று கேட்டுப் பிழைக்கிற தொழில் ஒன்று இருக்கிறது. அதில் முதலில் கைக்கு வருவது குப்பை அல்ல, ஒரு மாதிரியான பார்வை.

வேண்டாத பொருளைக் கேட்டு யாரிடமாவது போயிருக்கிறீர்களா? வெறும் போத்தல், பழைய அட்டைப்பெட்டி, ஏதோ ஒன்று. நீங்கள் கேட்கும்வரை அது காலில் தட்டுப்பட்டுக் கிடக்கும். கேட்டதும் சொந்தக்காரர் அதைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொள்வார். அந்த அவஸ்தையை அனுபவித்தவர்கள் எல்லாரும் நம்மவர்கள். மேலே படியுங்கள், உங்களுக்கும் கொஞ்சம் ஆறும்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் பதினொரு வருஷம் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் ரியூஷன் கொடுத்தவள். ஒருநாள் வகுப்பில், வாழைப்பழத் தோலும் காய்ச்சி எடுத்த தேயிலைச் சக்கையும் தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு, ஈயம் போன்ற உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். தோலைக் கழுவி, காயவைத்து, இடித்து, ஒரு பரலில், அதாவது பெரிய பீப்பாயில் நிரப்பி, அதன் வழியாக அழுக்குத் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். உலோகம் தோலோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தப்பி வெளியே வந்துவிடும். பாடத்திட்டத்தில் இல்லாத விஷயம் என்பதால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி மட்டும் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த அப்பாதான் சூசை அண்ணை. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள், வீட்டின் பின்பக்கமாக, முலாம் பூசும் பட்டறை வைத்திருப்பவர். குத்துவிளக்கு, தேவாலயத்து மெழுகுதிரித் தண்டு, கதவுக் கைபிடி எல்லாம் மங்கிப்போய் வந்து பளபளவென்று திரும்பிப் போகும். அவற்றைக் கழுவிய தண்ணீர் இளநீலமாகத் தெருச் சாக்கடைக் கானுக்குள் போகும். சுற்றாடல் அதிகாரி ஒருவர் வந்து அதை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு போனார். செம்பு அளவுக்கு மேல் இருக்கிறது என்று கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் திரும்பவும் சோதிப்பார்களாம். அப்போதும் இப்படியே இருந்தால் அனுமதிப் பத்திரம் இல்லை, பட்டறைக்குப் பூட்டு.

பெரிய தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் இயந்திரம் அவர் கைக்கு எட்டாதது. பட்டறை போனால் சூசை அண்ணையும், இருபது வருஷமாக அவரோடு வேலை செய்யும் நிமலும் தெருவில்தான் நிற்க வேண்டும். அதை அவரே என் முன்னால் வந்து சொன்னார். நானோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல், “நான் செய்து தாறன்” என்று சொல்லிவிட்டேன். அன்றோடு பிடித்தது எனக்குச் சனி.

முதல் போத்தல்

கழிவுத் தண்ணீரில் செம்பு எவ்வளவு என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஒரு போத்தலைக் கொடுத்து, நிரப்பி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் சூசை அண்ணை அதைத் துணியால் துடைத்து, மூடியை இறுக்கி, பயபக்தியோடு கையில் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சோதனைத் தாளை நனைத்தேன். நிறம் மாறவில்லை. இன்னொரு தாளையும் நனைத்துப் பார்த்தேன், அதுவும் அப்படியே இருந்தது. முகர்ந்து பார்த்தால் குளோரின் வாசம். எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பின் குழாயில் வருவதைவிட நல்ல தண்ணீர்.

திரும்பப் போய், “அண்ணை, இது குழாய்த் தண்ணியெல்லோ” என்றேன். மனிதர் மறுக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை. கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். பிளேன்டீ வரவழைத்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

“கோவிக்காதேங்கோ டீச்சர். முந்திப் போத்தலோட வந்த அதிகாரியும் உங்களை மாதிரித்தான் நல்லாச் சிரிச்சுக் கதைச்சவர்.”

ஜூஸ் கடை

காலி வீதியில் என் வீட்டுக்குக் கிட்ட ஒரு ஜூஸ் கடை. முதலாளி நாதனிடம் பத்து வருஷமாக எலுமிச்சைச் சாறு குடிக்கிறேன். நாளொன்றுக்கு ஒரு சாக்கு வாழைத்தோல் அவருடைய கடையிலிருந்து மாநகர சபை லொறிக்குப் போகும். “அந்தத் தோலை எனக்குத் தருவியளோ?” என்று கேட்டேன். கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆட்டுக்கோ என்றார். இல்லை என்றேன். பூச்சாடிக்கோ என்றார். இல்லை, தண்ணீர் வடிக்க என்றேன். பரிதாபமாகத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

இரண்டு நாள் சாக்கு சாக்காகத் தந்தார். மூன்றாம் நாள் தோல் சாக்கின் மேலே, பத்திரிகையில் சுற்றி ஒரு சீப்பு இதரை வாழைப்பழமும் இருந்தது. தவறி வந்துவிட்டதாக்கும் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். கடையில் நின்ற மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, என் காதருகே சொன்னார்.

“தோலை விடுங்கோ டீச்சர். ரியூஷனுக்குப் பிள்ளையள் குறைஞ்சிட்டுதெண்டு கேள்விப்பட்டனான். வீட்டில கஷ்டமெண்டால் வாய்திறந்து சொல்லுங்கோ, பழமாவே தாறன்.”

தேயிலைச் சக்கை

தோல் மட்டும் போதாது, சக்கையும் வேண்டும் என்று பக்கத்துச் சைவக்கடைக்குப் போனேன். அங்கே தேநீர் ஊற்றுகிறவர் முருகேசு. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்புக்கு வந்து, காலை ஐந்து மணியிலிருந்து தேநீர் இழுத்துக்கொண்டிருப்பவர். சக்கையைக் கேட்டதும் இழுத்த தேநீர் பாதியில் நின்றது.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். கிடைப்பது எல்லாம் என்றேன். தினமுமா என்றார். தினமும் என்றேன். வடிகட்டித் துணியைப் பிழிந்து ஓரமாக வைத்துவிட்டு, அதைக் கொண்டுபோய் என்ன செய்வேன் என்று கேட்டார். நானும் நேர்மையாக, கழுவிக் காயவைப்பேன் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்திருக்கக் கூடாது. காயவைப்பேன் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. தேயிலையோடு பிறந்து வளர்ந்த மனிதரிடம், காய்ச்சிய சக்கையைத் திரும்பக் காயவைக்கிறேன் என்று சொல்லலாமா? அதற்கு மேல் நான் செம்பு, பரல், கான் என்று விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

சக்கை தந்தார், மறுக்கவில்லை. வாளியைக் கையில் தரும்போது மட்டும் சொன்னார். “எங்கம்மா பறிச்ச கொழுந்துங்க இது. காய வச்சு, பொட்டலம் கட்டி, திரும்ப எங்க ஊருக்கே அனுப்பிடாதீங்க டீச்சர்.”

மொட்டைமாடி விருந்தாளி

எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் இரண்டு பெரிய தறப்பாள் விரித்து, ஒன்றில் தோலும் ஒன்றில் சக்கையும் காயப்போட்டேன். மூன்றாம் நாள் கதவைத் தட்டியவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பி.எச்.ஐ. என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மாடியில் ஒரு பெண் பழைய தேயிலை காயவைத்து விற்கிறாள் என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. மூன்றாம் மாடியில் எனக்கு ஒருவர் மேல் சந்தேகம் இருக்கிறது. லிஃப்டில் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை, ஆனால் அவர் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை.

பி.எச்.ஐ. சிங்களவர். தறப்பாளைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, “மேவா விகுணன்னத?” என்று கேட்டார், விற்பதற்கா என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவருக்குத் தெரிந்த தமிழில் தலையசைத்தார். பிறகு கொதிநீர் கேட்டார். கொண்டுவந்தேன். கண்ணாடிக் கிளாஸில் ஒரு பிடி சக்கையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, வாட்சைப் பார்த்தபடி நின்றார். நானும் நின்றேன். நிறம் இறங்கவில்லை. இறங்காது. சாயம் போகும்வரை மூன்று தரம் அவித்துக் கழுவினால்தான் அது என் வேலைக்கு உதவும். ஐந்து நிமிஷம் கழித்தும் கிளாஸில் இருந்தது வெறும் வெந்நீர்தான்.

முறைப்பாடு எழுதியிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அன்று பின்னேரமே தொடர்மாடிக் குழு, மொட்டைமாடியில் உடுப்பைத் தவிர வேறெதுவும் காயவைக்கக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டிவிட்டது. எனக்கு மிஞ்சியது ஒரு முழ பல்கனி. பி.எச்.ஐ. படியிறங்கும்போது சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை.

“மிஸ் சொல்றது சரி, இது தேயிலை இல்ல. ஆனா இதவிட மோசமானத தேயிலைன்னு விக்கிறாங்க, அதுதான் நான் ஊத்திப் பாத்தது.”

சாக்கும் ஓட்டோவும்

இடித்த தோல்தூளைச் சக்கையோடு கலந்து ஒரு சாக்கில் கட்டி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். தூள் கறுப்புக் கலந்த மண்ணிறம். சாக்கில் ஓர் ஓட்டை இருந்ததால் மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தேன். பம்பலப்பிட்டி தாண்டும்வரை ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். வேகத்தைக் குறைத்தார். மேடு பள்ளத்தில் மெதுவாக ஏற்றி இறக்கினார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்ததும் திரும்பி, மிகவும் தணிந்த குரலில் கேட்டார். “குறை நினைக்காதேங்கோ அக்கா, அஸ்தி கரைக்கிறதெண்டால் வெள்ளவத்தையிலயே கடல் கிட்டத்தானே? ஒரு ஆளின்ர மாதிரியும் தெரியேல்ல, சாக்கு பெரிசா இருக்கு.”

பூட்டு

பரல் வேலை செய்தது. சொல்லும்போது எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. மேலே இளநீலத் தண்ணீர் போகும், கீழே நிறமில்லாமல் சொட்டும். சோதனைத் தாளைச் சூசை அண்ணையே நனைத்துப் பார்த்துவிட்டு நிமலைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு வாரம் ராஜ மரியாதை. மீன் பணிஸும் பிளேன்டீயும் தவறாமல் வந்தன.

பிறகு அவருடைய நண்பரான, நகை செய்யும் பத்தர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கும், நகைக்கடைத் தெருவில் பட்டறை வாசலைக் கூட்டி, கான் மண்ணை அள்ளி, அலசி, அதிலிருக்கும் தங்கத் துகளை எடுத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்தருடைய கணக்கில், குப்பை கேட்டு வருகிறவர் என்றால் தங்கம் தேடி வருகிறவர். சூசை அண்ணை தங்க முலாம் பூசுவதை விட்டுப் பத்து வருஷமாகிறது. இருந்தாலும் தரை வெடிப்பிலும் பழைய குழாயிலும் அந்தக் காலத்துத் தங்கம் கிடக்குமாம், அது தண்ணீரோடு வந்து என் தோலில் ஏறுமாம். போதாக்குறைக்கு நான் வேறு முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். பாவித்த தோலில் செம்பு இருக்கும், அதைக் குப்பையிலோ மரத்தடியிலோ போடக் கூடாது, நானே எடுத்துக்கொண்டு போய் இரசாயனக் கழிவு ஏற்பவர்களிடம் பத்திரமாக ஒப்படைப்பேன் என்று. பத்தர் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

அடுத்த முறை போனபோது பரலுக்கு இரும்புச் சட்டம் போட்டு, ஒரு பெரிய பித்தளைப் பூட்டுத் தொங்கியது. சாவி அண்ணையின் கழுத்தில், சிலுவையோடு சேர்ந்து கிடந்தது. தங்கமும் இல்லை ஒன்றும் இல்லை அண்ணை, வெறும் செம்பு என்று தலையிலடித்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பணிஸ் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“தோல் உங்கட, டீச்சர். அதுக்குள்ள போய்ச் சேருறது என்ர.”

ஞாயிற்றுக்கிழமை

பரல் ஓடத் தொடங்கிய பத்தாம் வாரம் சோதனைத் தாள் மறுபடி நிறம் மாறியது. வெளியே வருகிற தண்ணீரில் செம்பு. அதிகாரி வரப்போகும் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. உடனே மனதுக்குள் வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். பூட்டுப் போட்ட மனிதர் எதுவும் செய்வார், பரலுக்குப் பின்னால் களவாக இன்னொரு குழாய் போட்டு அழுக்குத் தண்ணீரை நேராகக் கானுக்கு விடுகிறார் என்று நினைத்தேன். இவ்வளவு நாளாக ஊரெல்லாம் என்னைச் சந்தேகித்ததில் எனக்கும் அந்த நோய் தொற்றிவிட்டது.

ஞாயிறு காலை அவர் குடும்பத்தோடு தேவாலயப் பூசைக்குப் போகிற நேரம் பார்த்துப் போனேன். பக்கவாட்டில் இருந்த படலைக் கதவு திறந்திருந்தது. ஃபோன் லைட்டைப் போட்டு, முழங்காலை ஊன்றி, பரலுக்கும் சுவருக்கும் நடுவே தலையை விட்டுத் தேடினேன். களவுக் குழாயும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. திருவிழாக் காலம். மூன்று தேவாலயத்துத் தண்டுகளும் இரண்டு கோயில் விளக்குகளும் ஒரேயடியாக வந்திருந்தன. வேலை இரட்டிப்பு. தோல் பிடிக்கக்கூடிய செம்பையெல்லாம் பிடித்து நிரம்பிப்போயிருந்தது. கணக்குப் பிழைத்தது எனக்கு. மனிதர் மேல் பழியைப் போட்டதை நினைக்க வெட்கமாக இருந்தது.

தலையை வெளியே எடுத்தால், நிமல் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றிலும் வேலை இருந்ததை நான் யோசிக்கவில்லை. பூட்டின் அருகில் நான், கையில் லைட். யோசித்துப் பாருங்கள், இதைவிட அழகாகத் திருடி வேஷம் போட முடியுமா?

“அண்ணே அங்க முழங்கால்ல, டீச்சர் இங்க முழங்கால்ல,” என்றார் நிமல் தன் கொழும்புத் தமிழில். “அவர் வந்து கேட்டா நான் என்னண்டு சொல்றது, டீச்சரும் ஜெபம் பண்ணினீங்க எண்டா?”

நிரம்பிவிட்டது

திங்கட்கிழமை சூசை அண்ணையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். தோல் நிரம்பிவிட்டது, இனிப் பிடிக்காது, உடனே மாற்ற வேண்டும். நான் சொன்னது இது. அவர் காதில் விழுந்தது, பரல் நிரம்பிவிட்டது, டீச்சர் அள்ளிக்கொண்டு போக அவசரப்படுகிறா என்பது. ஞாயிறு நான் முழங்காலில் இருந்த கதையும் அதற்குள் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. சிரிப்பு இல்லை. பிளேன்டீ இல்லை.

புதுத் தோல் எங்கே என்று கேட்டார். அங்கேதான் என் குரல் இறங்கியது. மொட்டைமாடி போய்விட்டது, பல்கனி ஒரு முழம், மழை வேறு விடாமல் பெய்கிறது. காய்ந்தது பரலில் காற்பங்குக்குக் கூடக் காணாது. “கொஞ்சத்தைப் போட்டு ஓட்டுவம் அண்ணை, நான் பார்த்துக்கொள்ளுறன், சாவியைத் தாங்கோ” என்று கெஞ்சினேன். உண்மையில் அது ஓடாது என்று எனக்கே தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை வெறும் பரலோடு நிற்பதை நினைக்க முடியவில்லை. பட்டறை பூட்டப்படப்போகிறது, அதுவும் என் வாய்ச்சொல்லை நம்பி. அன்று நான் எரிந்து விழுந்தேன். உங்கட தங்கத்தை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ, பத்திரத்தையும் பத்தரிட்டயே வாங்குங்கோ என்று கத்தினேன்.

அவர் கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு மூடினார். “நான் என்ர பட்டறையைத்தான் உங்களை நம்பித் தந்தனான் டீச்சர், சாவியையும் தரச் சொல்லிக் கேக்காதேங்கோ.”

சோதனை நாள்

வெள்ளிக்கிழமை காலை, காய்ந்த கொஞ்சத் தூளையும் அள்ளிக்கொண்டு போனேன். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அசிட் மணம். பரலின் பூட்டுத் திறந்திருந்தது. மூடி சுவரில் சாய்ந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கறுத்துக் கிடந்த தோல் வெளிறிப்போய் ஈரமாக இருந்தது. மனிதர் தோலை அசிட்டில் கழுவியிருக்கிறார். இரண்டரை மாதமாகத் தோல் பிடித்து வைத்த செம்பெல்லாம் அசிட்டில் ஒரே நாளில் கழன்று வந்துவிடும். அவ்வளவையும் கானுக்குள் ஊற்றியிருந்தால், நான் இந்தத் தொழிலுக்கு வராமல் இருந்திருந்தாலே கானுக்குப் புண்ணியமாக இருந்திருக்கும்.

கேட்க வாயெடுப்பதற்குள் அதிகாரி வந்துவிட்டார். இந்த முறை நடுத்தர வயதுப் பெண். “மேக்கே மொனவத தியென்னே?” என்று பரலைக் காட்டிக் கேட்டார், இதற்குள் என்ன இருக்கிறது என்று. “கெசெல் லெலி, மிஸ்” என்றார் சூசை அண்ணை, வாழைத்தோல் என்று, ஏதோ பரம்பரை பரம்பரையாக அதைத்தான் பாவிப்பவர் போல. அதிகாரி அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், அந்தப் பார்வை எனக்குப் பழகிப்போனதுதான். நிமல் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட, கீழே சொட்டியதை அதிகாரியே இரண்டு போத்தலில் பிடித்து, முத்திரை ஒட்டிக் கொண்டுபோனார். நான் சோதனைத் தாளை வெளியே எடுக்கவில்லை. எடுக்கத் தைரியமில்லை.

அவர் போனதும் கேட்டேன், அசிட் தண்ணியை எங்க ஊத்தினியள் என்று. அண்ணை என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் ஒரு பூட்டு. திறந்தார். உள்ளே வரிசையாக மூடிபோட்ட வாளிகள். முதல் வாளியைத் திறந்தார். இவ்வளவு அழகான நீலத்தை நான் எந்த ஆய்வுகூடத்திலும் பார்த்ததில்லை.

“முலாம் ஏத்தத் தெரிஞ்சவனுக்குக் கழட்டத் தெரியாதோ, டீச்சர்? தங்கம் இருக்கோ எண்டு பார்ப்பமெண்டுதான் அசிட்டில விட்டனான். ஒரு சொட்டும் வெளியில விடேல்ல, தங்கமெல்லோ.”

கடிதம்

தங்கம் இல்லை. பத்தர் வந்து உரசி, உருக்கி, தோற்றுப்போய்ப் போனாராம். ஆனால் சூசை அண்ணைக்கு ஒரு தொழில் வழக்கம் இருக்கிறது. எந்தச் சாமானை அசிட்டில் விட்டாலும் அடுத்தடுத்து மூன்று தொட்டித் தண்ணீரில் அலசி, கடைசியில் சலவைச் சோடாத் தண்ணீரில் போட்டு எடுப்பார். அசிட்டின் புளிப்பு மிஞ்சினால் முலாம் பிடிக்காது என்று அவருக்குக் கை சொல்லும். தோலையும் குத்துவிளக்கு மாதிரியே நினைத்து, நிமலோடு சேர்ந்து அப்படியே செய்திருக்கிறார். புளிப்பு மிஞ்சினால் செம்பும் பிடிக்காது. நான் புத்தகத்தில் படித்ததை அவர் கை செய்து முடித்திருந்தது. பழைய தோல் புதுத் தோலாகிவிட்டது, பரல் நிறைய. நீல வாளியில் ஒரு பழைய தகட்டைத் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்திருந்தார். செம்பு தகட்டில் ஏறி நின்றது. கானுக்குப் போயிருக்க வேண்டிய செம்பு.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அளவுக்குள் இருக்கிறது, பத்திரம் புதுப்பிக்கப்படுகிறது. நான் பட்டறை வாசலிலேயே நின்று அழுதேன், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. நிமல் கதிரை கொண்டுவந்தார். அண்ணை கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகி, பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“விடுங்கோ. உங்களை நம்பி அண்டைக்குச் சாவியைத் தந்திருந்தால், நீங்கள் இருந்ததையும் அள்ளிக்கொண்டு போய்க் காற்பரலோட என்னை நிக்க வைச்சிருப்பியள், இண்டைக்குப் பட்டறை பூட்டிக் கிடக்கும் டீச்சர்.”

இப்போது இரத்மலானையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் கூப்பிடுகிறார்கள், அவர்களில் யாராவது முதல் நாளே என்னை முழுக்க நம்பிவிட்டால்தான் எனக்கு உள்ளுக்குள் உதறத் தொடங்குகிறது.